நாவல் பழமும் நாவல் நூலும்



சென்ற ஞாயிறன்று மறைக்கல்வி வகுப்பு முடிந்தபின், ஏழாம் வகுப்பில் படிக்கும் சிறுவன் ஒருவன் என்னிடம் வந்து, "சுவாமி, நாவல் பழத்துக்கும் நூலகத்தில் இருக்கும் நாவலுக்கும் என்ன உறவு?" என்று கேட்டான். அருகிலிருந்த பிள்ளைகள் சிரித்தனர். எனக்குச் சிரிப்பு வரவில்லை. அச்சொல்லின் பொருட்டு எனக்கு ஒரு பழைய கடன் உண்டு. அதைப் பிறகு சொல்கிறேன். முதலில் சிறுவனுக்கு விடை.

உறவு ஒன்றுமில்லை. பழம் தரும் நாவல் நம் மண்ணின் பழஞ்சொல். நம் நாட்டுக்கே நாவலந்தீவு என்னும் பெயரைத் தந்த மரம் அது. நெடுங்கதையைக் குறிக்கும் நாவலோ ஆங்கிலத்தினின்று வந்து சேர்ந்தது. ஒலி ஒன்று; வேர் வேறு. ஆங்கிலத்தில் அச்சொல்லுக்கு இரு தொழில். பெயராக நின்றால் கதை. அடைமொழியாக நின்றால் 'புதிய' என்று பொருள். 2020-ஆம் ஆண்டின் தொடக்கத்தில் 'நாவல் கொரோனா வைரஸ்' என்று செய்திகளில் கேட்டபோது பலர் திகைத்தனர். அதற்கு முன் மனிதரிடம் காணப்படாத புதிய கிருமி என்பதே அதன் கருத்து.

இச்சொல்லின் வேர் இலத்தீன் மொழியில் உள்ளது. 'நோவுஸ்' என்றால் அங்கே புதியது. வடமொழியின் 'நவ' என்னும் சொல்லும் அதுவும் ஒரே குடும்பத்தில் பிறந்தவை. துறவற இல்லத்தில் புதிதாகப் புகுந்தவரை ஆங்கிலத்தில் 'நோவிஸ்' என்றும் தமிழில் 'நவதுறவி' என்றும் அழைப்பது இதனாலேயே. ஆனால் நாம் கோவிலில் செய்யும் நவநாளில் உள்ள 'நவ' புதுமை அன்று, அது ஒன்பது. இலத்தீனிலும் 'நொவேனா' என்பது ஒன்பது என்னும் எண்ணிலிருந்து வந்ததே. இரு மொழிகளிலும் புதுமைக்கும் ஒன்பதுக்கும் உரிய சொற்கள் ஒலியால் இவ்வளவு நெருங்கி நிற்பது வியப்புக்குரியது.

உரோமைப் பேரரசர் யுஸ்தீனியானுஸ் தம் சட்டத் தொகுப்பின் திருத்திய பதிப்பை 534-இல் வெளியிட்டார். அதன்பின் அவர் பிறப்பித்த சட்டங்களுக்கு 'நொவெல்லே', அதாவது 'புதியன', என்று பெயர். ஆங்கிலச் சட்ட நூல்கள் இவற்றையும் 'நாவல்கள்' என்றே குறிப்பிடுகின்றன. குருமடத்தில் இதை முதன்முதல் படித்தபோது, பேரரசர் கதையும் எழுதினாரோ என்று நான் மயங்கியதுண்டு!

கதைக்கு அப்பெயர் வந்தது இத்தாலியில். 14-ஆம் நூற்றாண்டில் பொக்காச்சியோ என்பவர் 'தெக்காமெரோன்' என்னும் நூலில் நூறு கதைகளைத் தொகுத்தார். இத்தகைய கதையை அந்நாட்டார் 'நொவெல்லா' என்றனர். சிறு புதுமை, புதுச் செய்தி என்பது அதன் பொருள். ஆங்கிலத்திலும் ஒரு காலத்தில் 'நாவல்' என்றால் செய்தி என்னும் பொருளும் இருந்தது. யாழ்ப்பாணத் தமிழர் ஒருவரையொருவர் காணும்போது இன்றும் "என்ன புதினம்?" என்பர். அங்கே புதினம் என்றால் செய்தி. நாமோ இங்கே நாவலைப் புதினம் என்கிறோம். ஆங்கிலச் சொல் தன்னுள் கொண்டிருந்த இரு பொருள்களையும் நம் தமிழ்ச் சொல் கடலின் இரு கரைகளிலும் பகிர்ந்துகொண்டது.

இப்புதிய இலக்கியத்தைத் தமிழுக்குக் கொணர்ந்தவர் ஒரு கத்தோலிக்கர் என்பது நமக்கு மகிழ்ச்சி தருவதாகும். 1826-இல் திருச்சியை அடுத்த குளத்தூரில் பிறந்து, மாயூரத்தில் முன்சீபாகப் பணியாற்றிய வேதநாயகம் பிள்ளை அவர்களே அவர். தமிழில் வசன நூல்கள் இல்லாத குறையைத் தீர்க்கக் கருதி அவர் எழுதிய 'பிரதாப முதலியார் சரித்திரம்' 1879-இல் வெளிவந்தது. அதில் ஞானாம்பாள் என்னும் பெண் ஆண்வேடம் பூண்டு ஒரு நாட்டையே ஆளுகிறாள். பெண்கள் கற்க வேண்டும் என்பதை அதற்குப் பல ஆண்டுகள் முன்னரே வற்புறுத்தி வந்தவர் அவர். நூலின் பெயரைக் கவனியுங்கள். நாவல் என்றும் இல்லை, புதினம் என்றும் இல்லை, சரித்திரம்! பின்வந்த ராஜமய்யரின் 'கமலாம்பாள் சரித்திரம்', மாதவையாவின் 'பத்மாவதி சரித்திரம்' ஆகியவையும் அப்படியே. புதிய பொருள் பழைய பெயரைப் போர்த்திக்கொண்டு தமிழர் இல்லங்களுக்குள் நுழைந்தது.

இனி என் கடனைச் சொல்கிறேன். ஏறத்தாழ இருபத்தைந்து ஆண்டுகளுக்கு முன், குருவாகிய புதிதில், வேறோர் ஊரில் மறையுரை ஆற்றினேன். இளம் பெண்களைக் கெடுப்பவை என்று ஒரு பட்டியல் வாசித்தேன். அதில் நாவலும் இருந்தது. அதுவரை நான் ஒரு நாவலையும் முழுமையாகப் படித்ததில்லை. புதுமை என்றாலே ஐயத்துக்குரியது என எண்ணிய வயது அது.

சில ஆண்டுகளுக்கு முன் விருத்தாசலம் வந்தேன். இங்குள்ள பீங்கான் பட்டறை ஒன்றில் பொம்மைகளுக்கு வண்ணம் தீட்டும் ஒரு தாய், திருப்பலிக்குப் பின் என்னைக் காண வந்தார். "சுவாமி, அன்று உங்கள் பிரசங்கத்தைக் கேட்டுவிட்டு அப்பா என்னை நூலகத்துக்குப் போகவேண்டாம் என்றார். புத்தகத்தை அவரே திருப்பிக் கொடுத்துவிட்டார். நான் பாதிதான் படித்திருந்தேன். அதன் பெயர்கூட மறந்துவிட்டது. கதாநாயகி ஆற்றங்கரையில் நின்றாளே, பிறகு என்ன ஆனாள் என்று இன்றுவரை எனக்குத் தெரியாது" என்றார். அவர் குரலில் கோபம் இல்லை. அதனாலேயே என்னால் தலைநிமிர முடியவில்லை. மன்னிப்புக் கேட்டேன். நாவலுக்கும் பழத்துக்கும் உறவு கேட்ட சிறுவன் அவர் மகன்.

நான் எங்கே பிழைத்தேன்? புதுமை ஒரே வகைப்பட்டது என நினைத்ததே பிழை. கிரேக்க மொழியில் அதற்கு இரு சொற்கள் உண்டு. காலத்தால் புதியதை 'நெயோஸ்' என்றும், தன்மையால் புதியதை 'கைனோஸ்' என்றும் பெரும்பாலும் வழங்குவர். யோவான் நற்செய்தியில் ஆண்டவர் தரும் புதிய கட்டளைக்கு இரண்டாம் சொல்லே ஆளப்பட்டுள்ளது. உன் அயலானை நேசி என்பது லேவியர் நூலிலேயே உள்ள பழைய கட்டளை அல்லவா? தாம் அன்பு செய்ததுபோல் நாமும் செய்ய வேண்டும் என்றாரே, அதில்தான் அது புதிதாயிற்று. நேற்று வந்தது என்பதற்காக ஒன்று தீயதாகிவிடாது, நல்லதாகியும் விடாது. உள்ளே இருப்பதைத் திறந்து பார்த்த பின்பே தீர்ப்புச் சொல்ல வேண்டும்.

விருத்தாசலம் என்றால் பழமலை. 1906-இல் திருப்பாதிரிப்புலியூரில் பிறந்த ஓர் எழுத்தாளருக்குப் பெற்றோர் இட்ட பெயரும் விருத்தாசலமே. அவர் தமக்குச் சூட்டிக்கொண்ட பெயரோ புதுமைப்பித்தன்! பழமலையும் புதுமையும் ஒரே மனிதரிடம் பகையின்றி வாழ்ந்தன. நம் ஊர்ச் சூளைகளைப் பாருங்கள். களிமண் உலகத்தோடு பிறந்தது. அதிலிருந்து வெளிவரும் பொம்மையின் முகமோ இன்று பிறந்தது.

எனவே, பெற்றோரே, உங்கள் மகளின் கையில் ஒரு கதை நூலைக் கண்டால் உடனே பறிக்காதீர்கள். முதலில் நீங்கள் அதைப் படியுங்கள். தீயதாயின் ஏன் தீயது என்று எடுத்துச் சொல்லுங்கள். நல்லதாயின் முடிவுவரை படிக்க விடுங்கள்.

அந்தத் தாய் பாதியில் விட்ட நூலை என்னால் தேடித்தர இயலவில்லை. 'பிரதாப முதலியார் சரித்திரம்' ஒன்றை வாங்கி அச்சிறுவனிடம் கொடுத்தேன். மாலை வேளைகளில் அவன் உரக்கப் படிக்க, தாய் கேட்டுக்கொண்டே அடுக்களை வேலை பார்க்கிறாராம். இம்முறை கதை முடியட்டும்.