பழச்சாறும் கொழுப்பு மருந்தும்

பழம் யாருக்கும் தீங்கு செய்யாது என்னும் எண்ணம் நம்மவருள் வேரூன்றியது. நோயாளியைக் காணச் செல்வோர் பழங்களைக் கையிற்கொண்டு செல்வது அதனாலன்றோ? இவ்வெண்ணம் பெரும்பான்மையும் பழுதற்றதே. ஆயினும் இதற்கு ஒரு விலக்குண்டு என்பதை யாம் ஈண்டு எடுத்துரைக்க விழைகின்றோம்.

கனடா தேசத்து இலண்டன் நகரில் டேவிட் பெய்லி என்னும் அறிஞரும் அவர்தம் துணைவரும், இரத்த அழுத்தத்தைத் தணிக்கும் பெலோடிபின் என்னும் மருந்து மதுவோடு சேருங்கால் விளைவது யாதென ஆராய்ந்தனர். மதுவின் சுவையை மறைத்தற்பொருட்டுக் கிரேப்புரூட் என்னும் பழத்தின் சாற்றைக் கலந்தளித்தனர். மருந்தோ இரத்தத்தில் எதிர்பாராத அளவு மிகுந்து காணப்பட்டது. காரணம் மதுவன்று, சாறே. இச்செய்தி 1989-ஆம் ஆண்டில் வெளிவந்தது.

நாம் உட்கொள்ளும் மருந்துகள் பலவற்றைக் குடற்சுவரிலேயே ஓரளவு சிதைத்துவிடும் நொதி ஒன்றுண்டு. அச்சாற்றிலுள்ள பியூரனோகூமரின் என்னும் பொருள்கள் அந்நொதியை அழித்துவிடுகின்றன. உடல் அதனைப் புதிதாக ஆக்கிக்கொள்ள ஒன்றிரண்டு நாட்களேனும் வேண்டும். ஆகலின், காலையில் சாறும் இரவில் மாத்திரையும் கொள்வோம் என்பது போதிய காவலாகாது. கொழுப்பைக் குறைக்கும் ஸ்டாட்டின் மருந்துகளுள் சிம்வாஸ்டாட்டினும் லோவாஸ்டாட்டினும் பெரிதும், அடோர்வாஸ்டாட்டின் சிறிதும் இதனால் மிகுகின்றன. நாள்தோறும் ஒரு குவளை பருகியோர்க்குச் சிம்வாஸ்டாட்டின் ஏறத்தாழ மூன்றரை மடங்கு மிக்கதாகப் பின்லாந்து நாட்டார் கண்டனர். மருந்து அளவிறந்து மிகின் தசை சிதைதலும், அரிதாகச் சிறுநீரகம் பழுதுறலும் நேரும். ரோசுவாஸ்டாட்டின், பிரவாஸ்டாட்டின் என்பவற்றிற்கு இவ்விடர் இல்லையென்றே கூறலாம். நாம் வழக்கமாகப் பருகும் இனிப்பு ஆரஞ்சின் சாற்றுக்கும் இக்குற்றமில்லை.

நம் நாட்டில் கிரேப்புரூட் உண்பார் எத்துணையர் எனச் சிலர் வினவலாம். நம் தோட்டத்துப் பம்பளிமாசு அதன் தாய்மரங்களுள் ஒன்று என்பதையும், அதனிடத்தும் இப்பொருள்கள் உள என்பதையும் அவர் மறந்தனர் போலும்! சாறு மருந்தின் வலியை மிகுவிக்குமாயின் பாதி மாத்திரையோடு சாறருந்திச் செலவைக் குறைக்கலாமே என்பாரும் உளர். பழத்துக்குப் பழம் அப்பொருள்களின் அளவு வேறுபடுதலின் அது கணக்கறியாச் சிக்கனம். சாற்றை விரும்பி மருந்தையே கைவிடுதல் அதனினும் கேடு. மாரடைப்பைத் தடுத்தற்கன்றோ அம்மருந்து தரப்படுகின்றது? பழத்தை விடமாட்டாதார் மருத்துவரிடம் உரைப்பின், அவர் வேறு ஸ்டாட்டினை எழுதித் தருதல் கூடும்.

எம் குறையெல்லாம் மருந்து விற்போரிடத்தும் செய்வோரிடத்துமே. இவ்வெச்சரிக்கை பெரும்பாலும் ஆங்கிலத்தில், கண்ணுக்கெட்டாச் சிற்றெழுத்தில் அச்சாகின்றது. மாத்திரையை வாங்கும் முதியவர் தமிழ் மட்டுமே அறிந்தவராயின் அச்சீட்டால் அவருக்கு யாது பயன்? மருந்துக்கடையில் நிற்போர், “பம்பளிமாசு உண்பதுண்டா?” என ஒரு சொல் கேட்டல் அரிதன்று.