தூங்கியவர் ஒருவர், கணக்கு யார் கையில்?

குறட்டை என்றால் வீட்டில் எல்லோருக்கும் சிரிப்பு வரும். ஆனால் எல்லாக் குறட்டையும் சிரித்துவிட்டுப் போகக்கூடியது அல்ல.

சிலருடைய குறட்டை திடீரென்று நின்றுவிடும். பக்கத்தில் படுத்திருப்பவர், "அப்பாடா, சத்தம் ஓய்ந்தது" என்று நினைப்பார். உண்மையில் நின்றது குறட்டை மட்டும் அல்ல, மூச்சும் நின்றுவிட்டது! தொண்டைத் தசைகள் தளர்ந்து, காற்று போகும் வழி அடைத்துக்கொள்கிறது. பத்து விநாடி, இருபது விநாடி, சில சமயம் அதற்கு மேலும் மூச்சு இருக்காது. பிறகு உடல் திடுக்கிட்டு, பெரிய இரைச்சலோடு மூச்சை இழுக்கும்.

தூங்குகிறவருக்கு இது எதுவும் தெரியாது. காலையில் களைப்பும் தலைவலியும்தான் தெரியும்.

இந்த நோய்க்கு 'ஸ்லீப் ஆப்னியா' என்று பெயர். ஒரு மணி நேரத்தில் எத்தனை தடவை மூச்சு நிற்கிறது அல்லது குறைகிறது என்று டாக்டர்கள் எண்ணுகிறார்கள். 5 முதல் 15 வரை என்றால் லேசான நோய். 15 முதல் 30 வரை நடுத்தரம். 30-க்கு மேல் போனால் கடுமை. கவனிக்காமல் விட்டால் ரத்த அழுத்தமும் இருதய நோயும் சேர்ந்துகொள்ளக் கூடும். பகலில் கார் ஓட்டும்போதே கண் சொக்கிவிடும் ஆபத்தும் உண்டு.

இந்த நோய்க்கு நல்ல யந்திரம் ஒன்று இருக்கிறது. அந்த யந்திரம் இரவு முழுவதும் கணக்கும் எழுதுகிறது. அந்தக் கணக்கைப் படிக்க யாருக்கு உரிமை? அமெரிக்காவில் பல ஆண்டுகளாக நடக்கும் வழக்கு இதுதான்.

காற்றே மருந்து

1980-ம் ஆண்டு. ஆஸ்திரேலியாவில் சிட்னி சர்வகலாசாலை. அங்கே காலின் சல்லிவன் என்ற டாக்டர் இந்த நோயை ஆராய்ந்துகொண்டிருந்தார். அந்தக் காலத்தில் நோய் முற்றியவர்களுக்குத் தொண்டையில் துளை போட்டு, அதன் வழியே மூச்சு விடச் செய்வார்கள்.

சல்லிவன் வேறு வழியை யோசித்தார். வாக்குவம் கிளீனர் மோட்டாரைக் கொண்டு ஒரு கருவி செய்தார். மூக்கின் மேல் மூடி பொருத்தி, காற்றை இதமான அழுத்தத்தோடு உள்ளே செலுத்தினார். அடைத்திருந்த தொண்டை திறந்துகொண்டது. நோயாளி அமைதியாகத் தூங்கினார்.

காற்று இறங்கிய சைக்கிள் டியூப் ஒட்டிக்கொண்டு கிடக்கும். காற்று அடித்தால் விரியும். அதே தத்துவம்தான் இங்கேயும். 5 நோயாளிகளிடம் கண்ட பலனை 1981-ல் 'லான்செட்' என்ற மருத்துவப் பத்திரிகையில் சல்லிவன் வெளியிட்டார். அந்த யந்திரத்துக்கு 'சீபாப்' என்று பெயர் வந்தது. இன்று உலகம் முழுவதும் லட்சக்கணக்கான படுக்கைகளின் அருகில் அது இருக்கிறது.

இன்றைய சீபாப் காற்று ஊதுவதோடு நிற்பதில்லை. எத்தனை மணிக்கு முகமூடி மாட்டினார், எப்போது கழற்றினார், எங்கே காற்றுக் கசிந்தது, எத்தனை தடவை மூச்சு நின்றது என்று எல்லாவற்றையும் குறித்துக்கொள்கிறது. ஒவ்வொரு மூச்சும் அதில் பதிவாகிறது.

நாலு மணி நேரக் கணக்கு

அமெரிக்காவில் 65 வயதைக் கடந்தவர்களுக்கு 'மெடிகேர்' என்ற சர்க்கார் இன்ஷூரன்ஸ் இருக்கிறது. அது சீபாப் யந்திரத்தை முதலில் வாடகைக்குத்தான் கொடுக்கிறது. 13 மாத வாடகை முடிந்தால் யந்திரம் நோயாளிக்குச் சொந்தம்.

ஆனால் ஒரு நிபந்தனை உண்டு. முதல் மூன்று மாதத்துக்குள், தொடர்ந்து வரும் ஏதாவது 30 நாட்களில், 70 சதவிகித இரவுகள் யந்திரத்தை உபயோகித்திருக்க வேண்டும். அதாவது 21 இரவுகள். ஒவ்வொரு இரவிலும் குறைந்தது 4 மணி நேரம். இல்லாவிட்டால் இன்ஷூரன்ஸ் பணம் நின்றுவிடலாம்.

இதைச் சரிபார்க்க ஆள் வர வேண்டியதில்லை. செல்போனில் இருப்பது போன்ற ஒரு கருவி பல யந்திரங்களுக்குள்ளேயே இருக்கிறது. காலையில் முகமூடியைக் கழற்றியதும், இரவுக் கணக்கு கம்பெனியின் கம்ப்யூட்டருக்குப் போய்விடும். அங்கிருந்து யந்திரம் கொடுத்த வியாபாரியும், டாக்டரும் பார்க்கலாம். இன்ஷூரன்ஸ்காரருக்கும் விவரம் போகும். தனியார் இன்ஷூரன்ஸ் கம்பெனிகள் சிலவும் இப்படியே கணக்குப் பார்த்துப் பணம் தர மறுப்பதை, 'ப்ரோபப்ளிகா' என்ற அமெரிக்கச் செய்தி நிறுவனம் 2018 நவம்பரில் விரிவாக எழுதியது.

இன்ஷூரன்ஸ்காரர் பக்கத்திலும் நியாயம் இல்லாமல் இல்லை. முகமூடி பிடிக்காமல் யந்திரத்தைப் பரண் மேல் போட்டுவிடுகிறவர்கள் உண்டு. உபயோகிக்காத யந்திரத்துக்கு ஏன் பணம் கொடுக்க வேண்டும் என்று அவர்கள் கேட்கிறார்கள்.

சரி, நோயாளிக்கு என்ன தெரிகிறது?

நூற்றுக்கு எத்தனை மார்க்?

'ரெஸ்மெட்' என்பது இந்தத் துறையில் பெரிய கம்பெனி. அது தன் யந்திரத்தை வைத்திருப்பவர்களுக்குச் செல்போனில் தினம் ஒரு மார்க் காட்டுகிறது. மொத்தம் 100. அதில் 70 மார்க், எத்தனை மணி நேரம் மாட்டியிருந்தார் என்பதற்கு. முகமூடி கசியாமல் இருந்ததற்கு 20. இரவில் அடிக்கடி கழற்றாமல் இருந்ததற்கு 5. மூச்சு நின்றதைப் பற்றிய மார்க் மீதமுள்ள 5 மட்டுமே!

மணிக்குச் சராசரி எத்தனை தடவை மூச்சு தடைப்பட்டது என்று ஓர் எண்ணும் வரும். ஆனால் சராசரி சில சமயம் ஏமாற்றிவிடும். உதாரணத்துக்கு ஒருவர் 7 மணி நேரம் தூங்குகிறார். மொத்தம் 28 தடவை மூச்சு தடைப்பட்டது. சராசரி 4. ஐந்துக்குக் குறைவு, நல்ல எண்தான். ஆனால் அந்த 28 தடவையும் விடியற்காலை ஒரே மணி நேரத்தில் நடந்திருந்தால்? அந்த ஒரு மணி நேரம் அவர் பட்ட பாடு சராசரியில் மறைந்துபோகிறது.

"மார்க் நன்றாக இருக்கிறது, ஆனால் உடம்பு நன்றாக இல்லையே" என்று நோயாளி திகைப்பதற்கு இதுவும் ஒரு காரணம்.

வீட்டுக் கம்ப்யூட்டரில் இரவு

பல சீபாப் யந்திரங்களின் பக்கவாட்டில் சிறு மெமரி கார்டு ஒன்று செருகியிருக்கும். தபால் தலை அளவுதான். முழுக் கணக்கும் அதில் இருக்கிறது.

ஆஸ்திரேலியாவைச் சேர்ந்த மார்க் வாட்கின்ஸ் என்பவர், அந்தக் கார்டைப் படிக்க 'ஸ்லீப்பிஹெட்' என்ற கம்ப்யூட்டர் புரோகிராமை எழுதினார். காசு வாங்காமல் எல்லோருக்கும் கொடுத்தார். எழுதிய முறையையும் ஒளிக்கவில்லை. 2019-ல் அவர் அந்த வேலையை நிறுத்திக்கொண்டார். ஆனால் முறை வெளிப்படையாக இருந்ததால், வேறு தொண்டர்கள் அதை எடுத்து 'ஆஸ்கார்' என்ற பெயரில் தொடர்ந்தார்கள். அதுவும் இலவசம்.

வேலை சுலபம். கார்டின் ஓரத்தில் சிறிய தாழ்ப்பாள் இருக்கும். அதை நகர்த்தினால் கம்ப்யூட்டர் அந்தக் கார்டில் எதையும் எழுதாது. பிறகு கம்ப்யூட்டரில் செருகினால், புரோகிராம் கணக்கைப் பிரதி எடுத்துக்கொள்ளும். உடனே தாழ்ப்பாளைப் பழையபடி நகர்த்தி, கார்டை யந்திரத்தில் செருகிவிட வேண்டும். கார்டு இல்லாத இரவில் பல யந்திரங்கள் சுருக்கக் கணக்கை மட்டுமே வைத்துக்கொள்ளும்.

திரையில் இரவு முழுவதும் கோடுகளாக விரிகிறது. கசிவுக் கோடு மேலே ஏறினால் முகமூடி நழுவியிருக்கலாம், வாய் திறந்திருக்கலாம். ஒரே நேரத்தில் மூச்சுத் தடை குவிந்திருந்தால், மல்லாந்து படுத்தது காரணமாக இருக்கலாம். காற்று அழுத்தம் உச்ச வரம்பை முட்டிக்கொண்டே நின்றால், அந்த வரம்பு போதுமா என்று டாக்டரைக் கேட்கலாம்.

குறுக்கே வந்த சட்டம்

எல்லாக் கருவிகளும் இப்படி எளிதில் திறந்துவிடுவதில்லை. சிலவற்றில் கணக்கு ரகசியப் பூட்டுக்குள் இருக்கும். அமெரிக்காவில் அந்தப் பூட்டைத் திறப்பதற்குத்தான் சட்டம் குறுக்கே நின்றது.

1998-ல் 'டிஜிட்டல் மில்லேனியம் காப்பிரைட் சட்டம்' வந்தது. சினிமாவையும் பாட்டையும் திருட்டுத்தனமாகப் பிரதி எடுக்கிறவர்களைத் தடுக்க வந்த சட்டம் அது. ஆனால் மருத்துவக் கருவிகளின் பூட்டுகளும் அதற்குள் அகப்பட்டுக்கொண்டன. தன் உடம்பின் கணக்கைத் தானே திறந்து பார்த்தால் குற்றமாகிவிடுமோ என்று நோயாளி பயப்படும் நிலை வந்தது.

அந்தச் சட்டத்தில் ஒரு வழி உண்டு. மூன்று ஆண்டுக்கு ஒரு முறை, அமெரிக்கக் காங்கிரஸ் நூலகத்தின் தலைவர் சில காரியங்களுக்கு விலக்குக் கொடுக்கலாம். ஹ்யூகோ காம்போஸ் என்பவரின் மார்பில் இருதயக் கருவி பொருத்தப்பட்டிருந்தது. அதன் கணக்கு கம்பெனிக்குப் போயிற்று. அவருக்கு நேராகக் கிடைக்கவில்லை. அவரும் வேறு சிலரும் விலக்குக் கேட்டுப் போராடினார்கள்.

2015-ல் விலக்குக் கிடைத்தது. ஆனால் உடம்புக்குள் பொருத்திய கருவிகளுக்கும், அவற்றைக் கண்காணிக்கும் சாதனங்களுக்கும் மட்டுமே. சீபாப் படுக்கைக்குப் பக்கத்தில் அல்லவா இருக்கிறது! அதற்கு விலக்கு இல்லை. சாமி வரம் கொடுத்தும் பூசாரி இடம் கொடுக்காத கதைதான்.

2021 அக்டோபரில் இந்த வேலி அகன்றது. கருவி உடம்புக்குள் இருந்தாலும் வெளியே இருந்தாலும் நோயாளி தன் கணக்கைப் பார்க்கலாம். அவருக்காக வேறொருவரும் திறந்து கொடுக்கலாம். 2024-ல் இந்த விலக்கு புதுப்பிக்கப்பட்டது.

இன்னும் என்ன பாக்கி?

இது முழு வெற்றி அல்ல. பூட்டைத் திறந்தால் குற்றம் இல்லை என்றுதான் விலக்குச் சொல்கிறது. சாவியைக் கொடு என்று கம்பெனிக்கு அது உத்தரவிடவில்லை. மேலும் மூன்று ஆண்டுக்கு ஒரு முறை மறுபடியும் மனுப் போட வேண்டும்.

டாக்டர்கள் எச்சரிக்கும் விஷயமும் ஒன்று உண்டு. மூச்சு நிற்பதில் இரண்டு வகை இருக்கிறது. ஒன்றில் தொண்டை அடைக்கிறது. மற்றொன்றில் வழி திறந்தே இருக்கும். மூச்சு விடும்படி மூளை கட்டளை இடுவதில்லை. முதல் வகைக்கு அழுத்தத்தைக் கூட்டினால் குணம் தெரியலாம். இரண்டாவது வகையில் கூட்டினால் சிலருக்கு நிலைமை மோசமாகலாம். கோட்டைப் பார்த்துவிட்டுத் தாமே அழுத்தத்தை மாற்றுவது ஆபத்து. வைத்தியத்துக்குத் தன்னை நம்ப வேண்டாம் என்று ஆஸ்கார் புரோகிராமே அறிவிக்கிறது.

ஆனால் இந்த ஆபத்தைக் காட்டிக் கணக்கையே மறைப்பது நியாயம் ஆகாது. ரத்தப் பரிசோதனைச் சீட்டை நோயாளி கையில் கொடுக்கிறார்கள். அதைப் படித்துவிட்டு அவர் தானே ஆபரேஷன் செய்துகொள்வதில்லை. டாக்டரிடம் போய்க் கேள்வி கேட்கிறார். சரியான கேள்வி கேட்கும் நோயாளியால் டாக்டருக்கும் வேலை எளிது.

பாங்கில் பணம் போட்டவரின் கணக்கு மானேஜருக்குத் தெரியும், குமாஸ்தாவுக்கும் தெரியும். ஆனாலும் பணம் போட்டவர் கையில் ஒரு பாஸ் புத்தகம் இருக்கிறது. மூச்சுக் கணக்குக்கும் அப்படி ஒரு பாஸ் புத்தகம் வேண்டும். கம்பெனிகள் தாமாகவே, எளிதாகப் படிக்கும்படி அதைக் கொடுக்கலாம். பூட்டை உடைக்கும் வேலையும், மூன்று ஆண்டுக்கு ஒரு மனுவும் அதன் பிறகு தேவைப்படாது.