அறைக்கு 25 பேர்

கொரோனாக் காலத்துப் படிப்பு என்றதும் கல்வித் தொலைக்காட்சியையும் கைப்பேசி வகுப்பையும் பற்றியே எல்லோரும் பேசுகிறார்கள். நான் சொல்ல விரும்புவது வேறொன்று.

பத்து மாதம் பூட்டிக்கிடந்த பள்ளிகள் 2021 சனவரி 19 அன்று பத்து, பன்னிரண்டாம் வகுப்புகளுக்கு மட்டும் திறந்தன. அறைக்கு 25 பேருக்கு மேல் கூடாது என்பது அரசு விதி. பெஞ்சுக்கு ஐவராய் நெருக்கியிருந்த எங்கள் வகுப்பு மூன்று அறைகளாகப் பிரிந்தது. ஆசிரியர்தாம் பாவம், ஒரே பாடத்தை மும்முறை நடத்தித் தொண்டை கட்டிப்போனார்.

ஆனால் கடைசி பெஞ்சு என்பதே இல்லாமற் போயிற்று. அதுவரை தலையாட்டியே தப்பித்து வந்த எனக்குப் பின்னக் கணக்கு வராது என்பதைக் கணக்காசிரியர் மூன்றாம் நாளே கண்டுகொண்டார். திட்டவில்லை. மாலையில் ஆறாம் வகுப்புப் புத்தகத்திலிருந்து தொடங்கினார். வீட்டில் சொல்லித்தர ஆளில்லாத பிள்ளைக்கு அதன் அருமை தெரியும். அவ்வாண்டு பொதுத்தேர்வு நடக்கவில்லை, அனைவரும் தேர்ச்சி. ஆயினும் நான் கணக்குக் கற்றேன்.

மற்ற வகுப்புகள் மூடியிருந்ததால்தானே அறையும் ஆசிரியரும் கிடைத்தனர் என்பர். உண்மைதான். அப்படியானால் பற்றாக்குறை எங்கே என்பதும் தெரிந்துவிட்டதல்லவா? நோய்க்கு அஞ்சி வகுத்த விதியைப் படிப்புக்காக ஏன் வைத்துக்கொள்ளவில்லை?

சென்ற மாதம் அப்பள்ளிக்குப் போயிருந்தேன். அதே ஆசிரியர். வகுப்பில் 62 பேர்.