வேலியில்லாத பந்தயம்

பணம் கொடுத்துச் சீட்டு வாங்கி, மைதானத்துக்குள் இடம் பிடித்துப் பார்க்கும் விளையாட்டுக்கள் உலகத்தில் எத்தனையோ உண்டு. விளையாட்டே நம் வாசலைத் தேடி, திருவிழாத் தேரைப் போல வீதி வழியே வருவதென்றால் அது ஓர் அதிசயந்தானே? பிரான்ஸ் தேசத்தில் பெரும்பாலும் ஜூலை மாதத்தில் நடைபெறும் ‘டூர் டி பிரான்ஸ்’ என்னும் சைக்கிள் பந்தயம் அப்படிப்பட்டது. இருபத்தொரு கட்டங்கள், நடுவில் ஓய்வு இரண்டே நாள், மூன்று வாரத்தில் ஏறக்குறைய 3,400 கிலோமீட்டர். அந்த மூன்று வாரமும் நம்மைப் போன்ற அபிமானிகளுக்கு வேறு உலக விவகாரம் ஒன்றும் காதில் ஏறுவதில்லை.

இத்தனைக்கும் இது ஒரு பத்திரிகையின் விற்பனையைப் பெருக்குவதற்காகத் தோன்றியது என்றால் நேயர்கள் நகைப்பார்கள். 1903-ஆம் ஆண்டில் ‘லோட்டோ’ என்னும் பத்திரிகை இதைத் தொடங்கியது. அறுபது பேர் புறப்பட்டார்கள், இருபத்தொருவரே முடித்தார்கள். அந்தப் பத்திரிகை மஞ்சள் காகிதத்தில் அச்சாயிற்று. 1919 முதல் முன்னணி வீரருக்கு அளிக்கப்படும் மஞ்சள் சட்டைக்கு அதுவே காரணம் என்பார்கள்.

சாலையோரத்து அபிமானி காலை முதல் வெயிலில் காத்திருப்பான். சமதரையில் வீரர்கள் கூட்டமாகச் செல்வார்கள். முன்னால் போகிறவன் காற்றைக் கிழிக்க, பின்னால் வருகிறவனுக்குச் சிரமம் வெகுவாகக் குறைகிறது. ஆகையால் கூட்டம் முழுவதும் கண் இமைக்கும் நேரத்தில் பறந்து போய்விடும். மலை ஏற்றத்தில் கதை வேறு. அங்கே காற்றின் தயவு பலிக்காது. அவனவன் கால்தான் அவனவனுக்குத் துணை. வேகம் குறைகிறது, முகம் தெரிகிறது, மூச்சு வாங்குவதும் கேட்கிறது. ஆல்ப்ஸ் மலையில் ஆல்ப் துயெஸ் என்னும் ஏற்றத்தின் இருபத்தொரு வளைவுகளிலும் ஜனங்கள் மொய்ப்பது இதற்காகவே.

அந்த மலைப்பாதையின் பெரும்பகுதியில் வேலி கிடையாது. வீரனுக்கும் ஜனங்களுக்கும் நடுவே நிற்பது நம்பிக்கை ஒன்றுதான். அந்த நம்பிக்கை பல முறை உடைந்திருக்கிறது. 1904-இல் சான்ட் எத்தியேன் நகருக்கருகே, தங்கள் ஊர் வீரன் ஜயிக்க வேண்டுமென்று இருளில் திரண்டவர்கள் மற்ற வீரர்களை அடித்தார்கள். வீரர்களும் யோக்கியர்களாக இல்லை. முதல் நான்கு இடம் பெற்றவர்களையும் அந்த ஆண்டின் இறுதியில் தள்ளிவிட்டு, பத்தொன்பது வயது இளைஞர் ஆன்றி கோர்னேயை வெற்றியாளராக்கினார்கள். 1975-இல், ஏற்கெனவே ஐந்து முறை வென்றிருந்த எடி மெர்க்ஸை, பூயி தெ தோம் மலையில் பார்வையாளன் ஒருவன் குத்திவிட்டான். அவ்வாண்டு மெர்க்ஸ் இரண்டாவதாகவே வந்தார்.

ஆனால் ஜனங்களின் மறுபக்கத்தையும் சொல்ல வேண்டும். 1913-இல் பிரனீஸ் மலையில் எழேன் கிறிஸ்தோப் என்பவரின் சைக்கிளில், முன் சக்கரத்தைத் தாங்கும் கவை முறிந்தது. பிறர் உதவி கூடாது என்பது விதி. அவர் சைக்கிளைச் சுமந்து மைல் கணக்கில் இறங்கி, ஒரு கிராமத்துக் கொல்லன் உலையில் தம் கையாலேயே அதைப் பழுது பார்த்தார். ஒரு சிறுவன் துருத்தி ஊதியதற்காக அவருக்கு அபராதமும் விதித்தார்கள்! 1919-இல் முதல் மஞ்சள் சட்டையை அணிந்தவரும் அவரே. கடைசிக்கு முந்தின கட்டத்தில் கவை மறுபடியும் முறிந்தது, வெற்றி போயிற்று. அப்போது பத்திரிகை வாசகர்கள் தாமாகவே பணம் திரட்டி அவருக்கு அனுப்பினார்கள். சட்டம் கொடுக்காததை ஜனங்கள் கொடுத்தார்கள்.

இத்தகைய ஜனங்களைத்தான் லான்ஸ் ஆம்ஸ்ட்ராங் ஏமாற்றினார். 1999 முதல் 2005 வரை ஏழு தடவை வென்றதாகக் கொண்டாடப்பட்டவர்; ஊக்க மருந்து உட்கொண்டது அம்பலமாகி, 2012-இல் ஏழு பட்டங்களும் பறிக்கப்பட்டன. அவற்றை வேறு யாருக்கும் அளிக்கவில்லை. வெற்றியாளர் பட்டியலில் அந்த ஏழு ஆண்டுகளும் வெறுமையாக நிற்கின்றன. வெயிலில் காத்து நின்று தொண்டை வறளக் கூவினவர்களுக்கு அந்த நாட்களை யார் திருப்பிக் கொடுப்பது?

இனி யாரை நம்புவது என்று சிலர் விலகிப் போனார்கள். அவர்களை நாம் குறை சொல்லமாட்டோம். ஆயினும் ஒன்றைக் கவனிக்க வேண்டும். மலைப்பாதையில் இன்றும் கூட்டம் குறையவில்லை. முதலில் வருகிறவனுக்குக் கை தட்டிவிட்டு அவர்கள் வீடு திரும்புவதில்லை. எல்லாருக்கும் பின்னால், பெயரே தெரியாத ஒருவன் தள்ளாடி ஏறி வருகிற வரையில் காத்திருந்து, அவனுக்கும் கை தட்டுகிறார்கள். பட்டத்தைப் பறிக்கலாம், சட்டையைப் பறிக்கலாம். கடைசி ஆளுக்காகக் காத்து நிற்கும் அந்தப் பெருந்தன்மையை யாராலும் பறிக்க முடியாது. பந்தயம் பிழைத்திருப்பது அதனால்தான் என்பது நமது துணிபு.