நீலிக்கு எத்தனை புள்ளி?

மனோசக்தி உள்ள ஒரு பாத்திரத்தைப் படைக்க முனைகிறவர்கள், அந்தச் சக்தி என்னென்ன செய்யும் என்ற பட்டியலோடு தொடங்குவது வழக்கமாகிவிட்டது. பிறர் மனத்தைப் படித்தல், தொலைவில் நடப்பதை அறிதல், தொடாமலே பொருளை நகர்த்துதல் என அடுக்கி, ஒவ்வொன்றுக்கும் இத்தனை புள்ளி என்று விலை எழுதிவிடுகிறார்கள். தமிழில் இத்தகைய விளையாட்டை எழுத விரும்பும் நண்பர்களும் எண்வகைச் சித்திகளை எடுத்துக்கொண்டு, அணிமாவுக்கு மூன்று, இலகிமாவுக்கு ஐந்து என்று அதே பட்டியலைப் போடுகிறார்கள். நாம் இதை ஏற்கவில்லை. காரணங்களைச் சொல்லும் முன் விளையாட்டைப் பற்றிச் சிறிது.

நான்கைந்து பேர் மேசையைச் சுற்றி அமர்ந்து, ஆளுக்கொரு பாத்திரமாகிப் பேசியே ஒரு கதையை நடத்திச் செல்வது இது. ஒருவர் நடத்துநர். ஐயம் வரும் இடத்தில் பகடை முடிவு சொல்லும். கேரி கைகாக்ஸ், டேவ் ஆர்னிசன் இருவரும் 1974இல் வெளியிட்ட 'டன்ஜன்ஸ் அண்ட் டிராகன்ஸ்' இவ்வகைக்குத் தொடக்கம். 1976இல் வந்த 'எல்ட்ரிச் விசார்ட்ரி' என்ற இணைப்பு நூல் வழியாக மனோசக்தி அதில் நுழைந்தது. 1978ஆம் ஆண்டின் ஆட்டக்காரர் கையேட்டில் அது பின்னிணைப்பாக நின்றது. மனப்பண்புகள் உயர்வாக அமைந்த பாத்திரம் பகடையை உருட்டிப் பார்க்கலாம்; அரிதாக, பரிசுச்சீட்டு விழுந்தாற்போல், சக்தி கிடைக்கும். பின்னர் 1991இலும் 2001இலும் இதற்கெனத் தனி நூல்களே வந்தன. எழுதியோர் மாறினர், விதிகள் மாறின. செலவழித்தால் குறைந்து, ஓய்வெடுத்தால் நிறையும் புள்ளிக் கணக்கு மட்டும் மாறவில்லை.

வேறு வழி தேடியவர்களும் உண்டு. 1977இல் வந்த 'டிராவலர்' விளையாட்டில், பணியில் கழித்த காலம் கூடக்கூட மனோசக்தியின் அளவு குறைந்துகொண்டே வரும். 1981இல் வந்த 'கால் ஆஃப் குதுலு'வில் மந்திரம் சொல்கிறவர் தம் சித்தத் தெளிவை இழப்பார். இவை அழகான விதிகள். ஆயினும் இவற்றிலும் விலை கொடுப்பவர் ஒருவரே, சக்தி உடையவர். அவரைச் சுற்றியுள்ள ஊருக்கு என்ன ஆயிற்று என்பதை இந்தக் கணக்கு கேட்பதில்லை.

ஊரைக் கேட்கும் கதை நம்மிடம் இருக்கிறது. திருவள்ளூர் மாவட்டத்தில், திருவாலங்காட்டுக்கு அருகே உள்ள பழையனூரில் நடந்ததாகச் சொல்லப்படும் நீலி கதைதான் அது. திருவாலங்காட்டுப் பதிகத்தில் சம்பந்தர் அதைக் குறிப்பிடுகிறார். உமாபதி சிவாசாரியாரின் சேக்கிழார் புராணமும் பேசுகிறது. முற்பிறவியில் தன்னைக் கொன்ற கணவனைப் பழிவாங்கப் பேயாக வருகிறாள் நீலி. மறுபிறவியில் வணிகனாகப் பிறந்திருக்கும் அவன் கையில் ஒரு மந்திர வாள். அது உள்ளவரை அவளால் நெருங்க முடியாது. அவள் கள்ளிக் கொம்பைக் குழந்தையாக்கி இடுப்பில் ஏந்தி, கைவிடப்பட்ட மனைவியாக வேளாளர் எழுபதின்மர் அவையில் முறையிடுகிறாள். அவையோர் நம்புகிறார்கள். இவர் வாளால் என்னைக் கொன்றுவிடுவார் என்று அவள் அஞ்சி நடிக்க, அவர்களே வாளை வாங்கி வைக்கிறார்கள். உன் உயிருக்குத் தீங்கு நேர்ந்தால் எங்கள் உயிரைத் தருகிறோம் என்று வணிகனுக்கு வாக்கும் கொடுக்கிறார்கள். இரவில் அவன் இறக்கிறான். எழுபதின்மரும் சொன்ன சொல்லுக்காகத் தீப்புகுகிறார்கள்.

விதியெழுதுகிறவர் கண்ணோடு இதைப் பாருங்கள். நீலியின் உருமாற்றம் எவ்வளவு பெரியது என்பதில் கதையின் இறுக்கம் இல்லை. வாளை அவளால் பிடுங்க முடியாது. நல்லவர்கள் நல்லெண்ணத்தோடு வாங்கித் தர வேண்டும். அந்த ஒரு தடைதான் கதையை நகர்த்துகிறது. விலையும் அவளிடமிருந்து வசூலாகவில்லை. பிணை நின்றவர்கள் தலையில் விழுகிறது. நீலிக்கு எத்தனை புள்ளி என்று கேட்டால் இதில் எதுவும் அகப்படாது.

அதே திருவாலங்காட்டுக்கு வந்து சேர்ந்தவர் காரைக்கால் அம்மையார். பெரியபுராணத்தில் அவர் வேண்டியபோது மாங்கனி வந்தது. கணவன் நம்பாமல் இன்னொன்று கேட்டபோதும் வந்தது. அவன் கைக்கு மாறியதும் மறைந்தது. ஐயத்தைத் தீர்த்த அந்தக் கனியே இல்லறத்தையும் தீர்த்துவிட்டது. அஞ்சிய கணவன் அவரை விட்டு நீங்கினான்; அவர் உடலழகை உதறிப் பேயுரு வேண்டிப் பெற்றார். கனியை வரவழைத்ததில் அவருக்கு இழப்பில்லை. பிறர் கண்டதில்தான் இழப்பு.

நீலகேசி என்னும் சமணக் காப்பியம் பழையனூர் நீலியையே எடுத்து வேறு திசையில் போகிறது. முனிவர் ஒருவரை அச்சுறுத்த வருகிறாள், அவர் அசையவில்லை. தோற்றவள் அவரிடமே அறம் கேட்டு, பின்னர் பிற சமயத்தாரோடு வாதம் புரியப் புறப்படுகிறாள். அஞ்சாதவரிடம் அச்சம் செல்லாது, அங்கே சொல்தான் செல்லும் என்ற விதியை இதைவிடச் சுருக்கமாக எழுத முடியுமா?

எண்வகைச் சித்திகளை வைத்தே எழுதினால் என்ன என்று கேட்கலாம். பதஞ்சலியின் யோக சூத்திரம் இத்தகைய ஆற்றல்களைச் சமாதிக்கு இடையூறு என்றே சொல்கிறது. அந்த எச்சரிக்கையை வெட்டிவிட்டுப் பட்டியலை மட்டும் எடுப்பது, சாலைப் பலகையிலிருந்து 'அபாயம்' என்ற சொல்லை அழித்துவிட்டு அம்புக்குறியை வைத்துக்கொள்வதாகும்.

நாம் முன்வைப்பது மூன்று விதிகள். ஒன்று: சக்தி பலிக்கிறதா என்பதற்குப் பகடை வேண்டாம், பலிக்கட்டும்; கண்டவர் அதை எப்படி எடுத்துக்கொள்கிறார் என்பதற்கே பகடை உருளட்டும். இரண்டு: சக்தியுடைய பாத்திரம் மூன்று உறவுகளோடு ஆட்டத்தில் இறங்கும். பிறர் காணச் சக்தி வெளிப்படும் ஒவ்வொரு முறையும் ஓர் உறவு சோதனைக்கு வரும். மூன்றும் போனால் பாத்திரம் சாகாது, பேயுரு பெறும். அச்சமும் இல்லை, வீடும் இல்லை. மூன்று: ஒவ்வொருவருக்கும் ஒரு காப்பு உண்டு. அதைப் பறிக்க இயலாது, வாக்குக் கொடுத்துக் கேட்டு வாங்கலாம். வாக்குப் பொய்த்தால் கொடுத்தவர் ஈடு தர வேண்டும்.

புள்ளியில்லாவிட்டால் எல்லாம் நடத்துநர் தயவாகிவிடும் என்பது நியாயமான மறுப்பு. இங்கும் எண்ணிக்கை இருக்கிறது, உறவு மூன்று, காப்பு ஒன்று. எண்ணப்படும் பொருள்தான் வேறு.

இந்த ஆட்டத்தைப் பழங்காலத்தில் வைக்க வேண்டிய கட்டாயமும் இல்லை. அதே மாவட்டத்தின் கும்மிடிப்பூண்டியைக் களமாக்கலாம். சிப்காட் தொழிற்பேட்டைக்கு வடமாநிலங்களிலிருந்து வேலைக்கு வந்தவர்களும், முகாமில் வாழும் ஈழத் தமிழரும், உள்ளூராரும் ஒரே கடைத்தெருவில் நடமாடும் ஊர் அது. வாடகைக்கு அறை கேட்டாலும் வேலை கேட்டாலும் அயலாரிடம் முதலில் வருவது, 'உனக்குத் தெரிந்தவர் யார்?' என்ற கேள்வி. பழையனூர் அவை முன் நின்றதும் அதுவே. எவரையும் நம்பாத ஊரில் நீலி நுழைய முடியாது. வேறு எவரும் நுழைய முடியாது. அயலார் ஒருவருக்காகப் பிணை நிற்பதா வேண்டாமா என்று ஆட்டக்காரர் ஒருவர் பகடையைக் கீழே வைத்துவிட்டு யோசிப்பாரானால், விதி வேலை செய்கிறது என்று கொள்ளலாம்.