கோழித் தீவனத்தில் 'நன்மை செய்யும்' பாக்டீரியா: சோதிப்பது யார்?

சான்பாடா (நவி மும்பை): கோழிக்கடையில் நிற்பவர் கிலோ என்ன விலை என்று கேட்பதோடு சரி. அந்தக் கோழி என்ன தின்று வளர்ந்தது என்ற கேள்வி சான்பாடாவிலும் எழுவதில்லை, செம்பூரிலும் எழுவதில்லை. ஆனால் மருந்துக்குக் கட்டுப்படாத கிருமிகளைப் பற்றிய கவலை தொடங்கும் இடங்களுள் ஒன்று தீவன மூட்டைதான்.

மருத்துவர்கள் கடைசி ஆயுதமாக வைத்திருக்கும் கொலிஸ்டின் மருந்தைக் கோழிகளுக்கும் உணவுக்காக வளர்க்கப்படும் கால்நடைகளுக்கும் பயன்படுத்த மத்திய சுகாதார அமைச்சகம் 2019 ஜூலையில் தடை விதித்தது. வளர்ச்சிக்காகத் தீவனத்தில் ஆன்டிபயாடிக் கலப்பதை ஐரோப்பிய ஒன்றியம் 2006 ஜனவரி 1 முதலே நிறுத்திவிட்டது. இதற்கு மாற்றாக முன்வைக்கப்படுபவற்றுள் முக்கியமானவை, புரோபயாட்டிக் எனப்படும் உயிருள்ள பாக்டீரியாக்கள். அவற்றில் பேசில்லஸ் வகைக்குத் தனி மவுசு உண்டு. குருணைத் தீவனம் தயாரிக்கும்போது எழும் சூட்டையும் அதன் வித்துகள் தாங்கும்.

எனினும் 'நன்மை செய்யும்' என்ற அடைமொழி பாதுகாப்புச் சான்றிதழ் ஆகிவிடாது. பேசில்லஸ் சீரியஸ் குழுவைச் சேர்ந்த ஒரு திரிபைக் கொண்ட 'டோயோசெரின்' என்ற சேர்க்கை, ஐரோப்பாவில் கோழி, பன்றி ஆகியவற்றின் தீவனத்துக்கு அனுமதி பெற்றிருந்தது. அது டெட்ராசைக்ளின், குளோராம்பெனிகால் ஆகிய மருந்துகளுக்கு எதிர்ப்புத் திறன் கொண்டது என்றும், நச்சுப்பொருள் உண்டாக்கக்கூடியது என்றும் ஐரோப்பிய உணவுப் பாதுகாப்பு ஆணையம் கண்டறிந்தது. 2013இல் அனுமதி நிறுத்திவைக்கப்பட்டது, 2015இல் மறுக்கப்பட்டது. ஆன்டிபயாடிக்குக்கு மாற்றாகக் கருதப்பட்ட பொருளே எதிர்ப்புத் திறனைச் சுமந்து வந்தது கவனிக்கத்தக்கது.

எதிர்ப்புத் திறன் எல்லாமே ஆபத்தானதல்ல. இயல்பிலேயே அமைந்த எதிர்ப்பு பெரும்பாலும் அந்த பாக்டீரியாவோடு நின்றுவிடும். வேறு பாக்டீரியாவிடமிருந்து பெற்ற மரபணுவோ, குடலில் உள்ள நோய்க்கிருமிக்கும் கைமாறக்கூடும். ஆகவேதான் இனத்தின் பெயரை மட்டும் பார்க்காமல், குறிப்பிட்ட திரிபின் முழு மரபணுவையும் ஐரோப்பிய ஆய்வாளர்கள் கேட்கின்றனர். விலங்கு, நுகர்வோர், சுற்றுச்சூழல் ஆகியவற்றோடு, தூளைக் கையாளும் தொழிலாளரின் மூச்சுக்குழலும் அவர்களின் கணக்கில் வருகிறது.

இந்தியாவில் சிக்கல் சட்டத்தின் சொற்களிலேயே இருக்கிறது. 2006ஆம் ஆண்டின் உணவுப் பாதுகாப்பு மற்றும் தரநிலைகள் சட்டம், 'உணவு' என்பதன் வரையறையிலிருந்து கால்நடைத் தீவனத்தை விலக்கியுள்ளது. மனிதர் உண்ணும் புரோபயாட்டிக் உணவுகளுக்கு இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கவுன்சிலும் உயிரித் தொழில்நுட்பத் துறையும் 2011இல் வழிகாட்டு நெறிமுறைகளை வகுத்தன. திரிபின் அடையாளமும் மருந்து எதிர்ப்புச் சோதனையும் அவற்றில் கேட்கப்படுகின்றன. அந்த நெறிமுறைகளின் பெயரிலேயே 'உணவு' என்ற எல்லை உள்ளது.

இறைச்சியில் மருந்து எச்சத்துக்கு வரம்பு உண்டு. ஆனால் எச்சத்தை அளக்கும் சோதனையில், கைமாறும் மரபணு சிக்காது. தீவனத்தில் சேரும் முன்பே திரிபைச் சோதித்தால்தான் அதைத் தடுக்க முடியும். அதுவரை நாமக்கல் பண்ணையாளருக்குக் கையிலுள்ள ஒரே வழி, விற்பவரிடம் திரிபின் அடையாள எண்ணையும் எதிர்ப்புச் சோதனை அறிக்கையையும் கேட்பதுதான்.