இரண்டு திண்ணைகள்

மூங்கில்துறைப்பட்டில் எங்கள் தெருவில் எட்டு வீடுகளுக்குத் திண்ணை இருந்தது. இப்போது இரண்டுதான். சர்க்கரை ஆலைக்குப் போகும் கரும்பு வண்டிகளை எண்ணியபடி தாத்தா உட்கார்ந்திருந்த திண்ணையை இடித்தது வேறு யாருமில்லை, நான்தான். கார் நிறுத்த இடம் வேண்டுமாம்!

புதுச்சேரி வைசியாள் வீதியில் நடந்தபோது அது உறுத்தியது. 2000-களின் தொடக்கத்தில், ஐரோப்பிய ஒன்றியத்தின் உதவியோடு, பாரம்பரியக் கட்டடங்களைக் காக்கும் இன்டாக் அமைப்பு வழிகாட்ட, அங்கே வீட்டு முகப்புகளைப் பழையபடி மீட்டார்கள். மரத்தூண், ஓட்டுத் தாழ்வாரம், திண்ணை எல்லாம் திரும்பி வந்தன. 2008-இல் யுனெஸ்கோவின் ஆசிய-பசிபிக் பாரம்பரிய விருதும் கிடைத்தது. எனக்கு விருது பெரிதாகப் படவில்லை. செலவில் வீட்டுக்காரர்களும் பங்கு கொடுத்தார்களே, அதுதான் பெரிது. தன் காசைப் போட்டவர் அடுத்த மழைக்கு ஓடு நகர்ந்தால் தானே ஏணி தேடுவார்.

தாழ்வாரம் ஒரு வீட்டில் மட்டும் இருந்தால் அது அவர் வீட்டு நிழல். வரிசையாக இருந்தால், வெயிலில் பள்ளிக்கூடம் விட்டு வரும் பிள்ளைக்கும் நிழல். ஆகவே திண்ணையையும் தாழ்வாரத்தையும் காப்பதைத் தனியாளின் ரசனைக்கு விடக்கூடாது. எங்கள் ஊர் கிராமசபையில் பேச வேண்டும். வீட்டு வரியில் சிறு சலுகை, ஓடு மாற்றத் தெரிந்த கொத்தனாருக்குத் தொடர்ந்து வேலை, இவ்வளவு போதும் தொடங்க.

மிச்சமிருக்கும் இரண்டில் ஒன்றை இடிக்கப் பக்கத்து வீட்டு மாமா ஆள் பேசிவிட்டார். பொங்கல்வரை பொறுங்கள் என்று கேட்டிருக்கிறேன். "நீ இடிச்சப்ப நான் எதுவும் கேட்டேனா?" என்கிறார்.